சமயவுரிமையும் அரசின் எல்லையும்: மாடிஸனார் விண்ணப்பத்தைப் பற்றியதோர் ஆராய்ச்சி

உயிர்கள் இறைவனுக்கு அடிமையாதல் இயற்கை. அரசனுக்குக் குடியாதல் ஓர் ஏற்பாடு. இயற்கையாயது முந்தியது, ஏற்பாடு பிந்தியது. பிந்தியது முந்தியதனை அடக்கப் புகுமாயின் விளைவது யாது? முந்தியதன் பெயரைப் பிந்தியது தனக்குக் கைக்கருவியாகக் கொள்ளுமாயின் விளைவது யாது? இவ்விரு வினாக்களும் எல்லா நாட்டினும் எல்லாச் சமயத்தார்க்கும் ஒரு காலத்தில் இல்லாவிடினும் மற்றொரு காலத்தில் நேர்ந்தே தீர்வன.

சமயத்தையும் அரசையும் வேறு வேறாக நிறுத்தல் வேண்டும் என்னுங் கொள்கை இக்காலத்துப் பலர் வாயிலும் வழங்குகின்றது. அதனைச் சமயத்தின் பகை எனக் கருதி அஞ்சுவாரும் உளர். சமயத்தை ஒழித்தற்கு வாய்த்ததோர் படை எனக் கருதி மகிழ்வாரும் உளர். இருதிறத்தாரும் அக்கொள்கை பிறந்த வரலாற்றை நோக்கினாரல்லர். தாம் கடவுளுக்குச் செய்யும் வழிபாட்டில் அரசன் கை படுதலைப் பொறாத அடியவர் நெஞ்சமே அது பிறந்த இடமென்பதை வரலாறு காட்டும். அவ்வரலாற்றுள் தலையாய சான்று, அமெரிக்காவிலே வர்ஜீனியா நாட்டில் 1785-ஆம் ஆண்டு ஜேம்ஸ் மாடிஸன் என்பார் எழுதிய விண்ணப்பமாகும். பதினைந்து பகுதிகளையுடைய அச்சிறு நூலின் சிறப்பும் குறையும் ஈண்டு ஆராயப்படும்.

அயல்நாட்டுக் கிறித்தவர் தமக்குள் நிகழ்த்திய வழக்கைச் சைவ நன்மக்கள் ஆராய வேண்டுவது எற்றுக்கெனின், கூறுதும். அவ்விண்ணப்பத்தின் பயனாக 1786-ஆம் ஆண்டு நிறைவேறிய சமயவுரிமைச் சட்டத்தை வகுத்தவர் தாமஸ் ஜெபர்ஸன். அச்சட்டத்தின் முகவுரையில் இயேசுகிறிஸ்துவின் பெயரை நுழைத்தற்குச் சிலர் முயன்றனரென்றும், பெரும்பாலார் அதனை விலக்கினரென்றும், யூதர், கிறித்தவர், மகம்மதியர், இந்துக்கள், எச்சமயமும் இல்லாதார் ஆகிய அனைவரும் அச்சட்டத்தின் நிழலில் அடங்குதல் வேண்டும் என்பதே அவர் கருத்தென்றும் அவர் தம் முதுமையில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் விளக்கியுள்ளார். இந்துக்களின் பெயரும் அங்கே சொல்லப்பட்டமையின், அது மெய்யாயிற்றா என்று வினவும் உரிமை நமக்கு உண்டு.

முதற்கண் வரலாறு. இங்கிலாந்தின் திருச்சபையே வர்ஜீனியாவில் அரசாங்கச் சமயமாக இருந்தது. அச்சபையின் குருமார்க்குக் குடிகள் அனைவரும் வரி கொடுத்தனர். வேறு சபையினர் போதித்தற்கு அரசாங்கத்தின் உத்தரவுச் சீட்டுப் பெறுதல் வேண்டும். பாப்டிஸ்டு என்னும் சபையின் போதகர் பலர், கடவுளின் மொழியைக் கூறுதற்கு மனிதன் சீட்டு எற்றுக்கென்று அதனைப் பெற மறுத்துச் சிறை புகுந்தனர். சிறைச் சாளரத்தின் வழியே அவர் போதித்ததும் உண்டு. மாடிஸன் 1774-ஆம் ஆண்டு தம் நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், அண்டையிலுள்ள மாவட்டத்தில் நல்லெண்ணமுடையார் ஐந்தாறு பேர் தம் சமயக் கொள்கையை வெளியிட்ட குற்றத்திற்காகச் சிறையிலிருத்தலைக் கூறி வருந்துகின்றார். அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்திரண்டு. அவர் அப்போதகரின் சபையைச் சார்ந்தவரல்லர் என்பது குறிக்கொள்ளத்தக்கது.

ஈராண்டு கழிந்து, 1776-ல் வர்ஜீனியா தன் உரிமைப் பட்டயத்தை இயற்றியபோது, ஜார்ஜ் மேஸன் என்பார் வரைந்த முதற்படியில் எல்லாச் சமயத்தாரையும் நிறைவாகச் சகித்துக்கொள்ளல் வேண்டும் என்னும் பொருள் அமைந்திருந்தது. மாடிஸன் அச்சொல்லை ஒப்பாது, யாவர்க்கும் வழிபாட்டுரிமை சமமாக உண்டென்று திருத்தினார். சகித்தல் என்பது உடையவன் இல்லாதவனுக்குச் செய்யுஞ் சலுகை. இன்று சகிப்பவன் நாளை சகியாது விடலாம். உரிமையோ கொடுப்பாரும் மறுப்பாருமின்றித் தானே நிற்பது. இங்கிலாந்தில் 1689-ல் வெளிப்பட்ட ஜான் லாக் என்பாரது சகிப்புரைக் கடிதம், கடவுள் இல்லை என்பாரையும், வேற்றரசர்க்குக் கட்டுப்பட்ட சமயத்தாரையும் சகித்தற்குரியாரல்லர் எனப் புறத்தே நிறுத்திற்று. சகிப்பு என்னுஞ் சொல்லை முதலாகக் கொண்டார்க்கு இங்ஙனம் விலக்குக் கூறுதல் எளிதாயிற்று. ஒரு சொல்லை மாற்றியதனால் மாடிஸன் அவ்விலக்கிற்கு இடமில்லாது செய்தார்.

1784-ஆம் ஆண்டு பாட்ரிக் ஹென்றி என்னும் பெருஞ்சொல்லாளர் வர்ஜீனியாச் சட்டசபையில் ஒரு மசோதாவை ஆதரித்து நின்றார். கிறித்தவ சமய போதகரைத் தாங்குதற்கு ஒரு வரி விதித்தல் வேண்டும் என்பது அது. முன்னைய கொடுமை அதன்கண் இல்லை. வரி கொடுப்போன் தான் விரும்பும் கிறித்தவ சபையைக் குறிப்பிடலாம். அப்பணம் அதற்கே செல்லும். எந்தச் சபையையும் குறியாதார் பணம் கல்விக்குச் செலவிடப்படும். ஒருவரையும் சிறையிலிடுவதில்லை, ஒருவர் போதனையையும் தடுப்பதில்லை. மக்களின் ஒழுக்கம் உயர்தலே நோக்கமென மொழியப்பட்டது. ஹென்றி அவ்வாண்டின் இறுதியிற் கவர்னராகிச் சபையை விட்டு நீங்கினார். மசோதா அடுத்த கூட்டத்திற்கு ஒத்தி வைக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திலேதான் மாடிஸன் தம் பெயரைக் குறியாது இவ்விண்ணப்பத்தை எழுதி ஊரூராகக் கையெழுத்துக்கு அனுப்பினார். கொடிய சட்டத்தை எதிர்த்தல் எளிது. இனிய முகத்தோடு வருஞ் சட்டத்தை எதிர்த்தல் அரிது. இவ்விண்ணப்பத்தின் அருமையும் அதுவே.

இனி, விண்ணப்பத்தின் வாதங்களுள் தலையாயின நான்கினை எடுத்து நோக்குவோம்.

முதல் வாதம்: படைத்தோனுக்கு ஒருவன் செய்யவேண்டிய வழிபாடு, காலத்தானும் கடப்பாட்டின் வன்மையானும், அரசியற் சமூகத்தின் உரிமைகளுக்கு முற்பட்டது என்பது. சமூகத்தில் ஒருவன் புகும்பொழுதே அப்பெருந்தலைவனுக்கு ஆட்பட்டவனாகப் புகுகின்றான். ஆகலின் அவ்வாட்பாட்டில் தலையிடச் சமூகத்திற்கு அதிகாரமில்லை என்கின்றார். இது நம் சித்தாந்தத்திற்குப் புறம்பான கருத்தன்று. பதியும் பசுவும் அநாதி. அரசனும் ஒரு பசுவே, மலத்தால் மறைப்புண்டவனே. ஒரு பசு மற்றொரு பசுவின் பதியாதல் எங்ஙனம்? மலபரிபாகம் வருதலும், இருவினையொப்பு நேர்தலும், சத்திநிபாதம் நிகழ்தலும் திருவருளின் செயல்கள். எந்த அரசாணை ஓருயிரின் மலத்தைப் பரிபாகஞ் செய்யும்? எந்த வரி சத்திநிபாதத்தை வருவிக்கும்? மாடிஸன் அறிவும் உள்ளத் தெளிவுமே சமயத்தை நடத்தும் என்றார். நாம் திருவருளே நடத்தும் என்போம். காரணம் வேறாயினும், வன்முறைக்கு அங்கே இடமில்லை என்னும் முடிபு ஒன்றே.

இரண்டாம் வாதம்: சிறு தொகையே ஆயினும் அஞ்சத்தக்கது என்பது. ஒரு சபையைத் தாங்குதற்கு மூன்று பென்னி கொடுக்குமாறு ஒருவனை வற்புறுத்த வல்ல அதிகாரம், வேறெச்சபைக்கும் எல்லாவற்றிலும் அவன் இணங்குமாறு வற்புறுத்தவும் வல்லதாகும் என்கின்றார். அளவைக் கண்டு அதிகாரத்தை எடையிடாது, அதிகாரத்தைக் கண்டு அளவை அஞ்சுக என்பது இதன் கருத்து. இம்மசோதாவிற்கும் சமய விசாரணைக் கொடுமைகட்கும் உள்ள வேற்றுமை அளவினாலாயதேயன்றி இனத்தாலாயதன்று என்றுங் கூறுகின்றார். இது மிகையென்று தோன்றலாம். ஆயினும், முதற்படியில் நிற்பானைக் கடைசிப்படியிலும் காணவல்ல பார்வையே அரசியலறிவு.

மூன்றாம் வாதம்: சமய உண்மைக்கு அரசன் நடுவனாதற்குத் தகுதியில்லாதவன், சமயத்தை ஆட்சியின் கருவியாக்குதலோ வீட்டு நெறியைக் கெடுத்தலாகும் என்பது. நான்காவது, கிறித்தவம் அரசாங்கச் சமயமாயிருந்த பதினைந்து நூற்றாண்டின் பயனை ஆராய்ந்து கூறுவது. குருமாரிடத்துச் செருக்கும் சோம்பலும், மக்களிடத்து அறியாமையும் அடிமைத்தன்மையும், இருபாலாரிடத்தும் மூடநம்பிக்கையும் பிறர்ச்சமய வெறுப்புமே பயனாயின என்கின்றார். சமயத்தார் தம் சமயத்தைக் குறித்து இங்ஙனங் கூறுதல் அருமை. அரசு தாங்கினாற் சமயம் தளரும். அடியார் தாங்கினால் தழைக்கும் என்பது அவர் முடிபு.

விண்ணப்பம் பயனளித்தது. 1,500-க்கு மேற்பட்டோர் அதிற் கையெழுத்திட்டனர். பாப்டிஸ்டு, பிரெஸ்பிட்டீரியன் முதலிய சபையினர் தம் சமயநூலை மேற்கோளாகக் கொண்டு அனுப்பிய வேறு விண்ணப்பங்களிற் கையெழுத்திட்டோர் அதனினும் மிகப் பலர். ஆகவே அரசியலறிஞர் ஒருவரது வாதம் மட்டுமன்று, சிறுசபையாரது பத்தியே அம்மசோதாவை வீழ்த்திற்று எனல் வேண்டும். 1786-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெபர்ஸன் வகுத்த சட்டம் நிறைவேறியது. 1791-ல் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது: காங்கிரசுச் சபை எச்சமயத்தையும் நிறுவுதற்குச் சட்டஞ் செய்தலாகாது, வழிபாட்டுரிமையைத் தடுத்தலுமாகாது. 1802-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கனெக்டிகட் நாட்டு டான்பரி என்னும் ஊரின் பாப்டிஸ்டு சங்கத்தார்க்குப் பிரசிடெண்டாக இருந்த ஜெபர்ஸன் விடுத்த கடிதத்திலே, திருச்சபைக்கும் அரசுக்கும் இடைப்பட்ட மதில் என்னும் உருவகம் வந்தது. அதற்கு நூற்றைம்பது ஆண்டின் முன்னரே, மாசசூசெட்ஸினின்றும் துரத்தப்பட்டு 1636-ல் பிராவிடென்ஸ் நகரை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர், சபையாகிய தோட்டத்தை உலகமாகிய காட்டினின்றும் காக்கும் வேலியென அதனை உருவகித்திருந்தார். காடு புகுந்து தோட்டத்தை அழியாதிருத்தற்கே வேலி. மதிலைச் சமயத்தின் சிறையாகக் கருதுவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இதுகாறும் சிறப்பு. இனிக் குறைகளை நோக்குதல் நடுவுநிலைமையாகும்.

முதற்குறை, விண்ணப்பத்தின் பன்னிரண்டாம் பகுதியில் உளது. இம்மசோதா கிறித்தவத்தின் ஒளி உலகெங்கும் பரவுதற்குத் தடையாம் என்று அங்கே வாதிக்கின்றார். அவ்வொளியைப் பெறாதாரைப் பொய்ச்சமயங்களின் ஆட்சிக்குட்பட்டாராக எண்ணுகின்றார். அவ்வெண்ணிக்கையில் நாமும் அடங்குவோம். கேட்போர் கிறித்தவராகலின் அவர் உள்ளங்கொள்ளும் வாதத்தை எடுத்தார் என்று அமைதி கூறலாம். அமைதி பொருத்தமே. எனினும், எல்லார்க்கும் சமமான உரிமையை ஒரு சமயத்தின் வெற்றிக்கு வழியென்று கூறி வாங்குதல் அவ்வுரிமைக்கு வலிமை தருவதன்று.

இரண்டாவது, பெருங்குறை. மனச்சான்றின் உரிமை பிறராற் பறிக்கப்படாததென்று முழங்கும் இவ்விண்ணப்பத்தை எழுதியவர் வீட்டில் அடிமைகள் பலர் இருந்தனர். படைத்தோனுக்கு ஆட்பட்டவன் மனிதனுக்கு ஆட்படுதற்கு முற்பட்டவன் என்னும் அவர் வாதத்தை அவ்வடிமைகள் கேட்டிருப்பின் என்ன கருதியிருப்பர்? அவர்களைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1831-ல் நாட் டர்னர் என்னும் அடிமைப் போதகர் தலைமையிற் கலகம் எழுந்தது. 1832-ல் அதே வர்ஜீனியா, கறுப்பு மக்கள் எவரும், அடிமையல்லாதாருங்கூட, சமயக்கூட்டம் நடத்துதலும் போதித்தலுங் கூடாதென்று சட்டஞ் செய்தது. 1786-ஆம் ஆண்டின் சமயவுரிமைச் சட்டம் அப்பொழுதும் அந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

மூன்றாங்குறை கொள்கையளவிலாயது, நமக்கு மிக வேண்டியதும் அதுவே. விண்ணப்பம் சமயத்தை அறிவும் உள்ளத் தெளிவும் என்னும் இரண்டாலேயே விளக்குகின்றது. சமயம் என்பது உள்ளத்தில் நிகழும் ஒரு துணிபு என்னும் எண்ணம் அதன் அடியிற் கிடக்கின்றது. அவ்வெண்ணம் அந்நாட்டுச் சீர்திருத்தச் சபையார்க்கு இயல்பு. நமக்கோ, திருநீறணிதலும், திருக்கோயிலை வலம் வருதலும், அலகிடுதலும், மெழுகுதலும், பூத்தொடுத்தலும் சரியை. அகமும் புறமும் பொருந்தப் பூசித்தல் கிரியை. சரியை கிரியைகளை உடம்பென்று தள்ளி, ஞானமே உயிரென்று கொள்ளுவார் சித்தாந்தம் உணர்ந்தாரல்லர். நினைத்தற்கு மட்டும் உரிமை தந்து, தொழுதற்கு மறுப்பது, மலரைக் கொடுத்து அருச்சிக்கும் கையைக் கட்டுவதனோடு ஒக்கும்.

இக்குறை ஏட்டளவில் நில்லாது நாட்டில் விளைந்தது. 1879-ஆம் ஆண்டு ரெயினால்ட்ஸ் என்னும் மார்மன் சமயத்தார் பலதார மணஞ்செய்த வழக்கில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. மாடிஸனார் விண்ணப்பத்தையும் ஜெபர்ஸன் கடிதத்தையும் எடுத்துக்காட்டியே, நம்பிக்கையைச் சட்டம் தீண்டாது, செயலைத் தீண்டும் என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். நரபலியையும், கணவன் சிதையில் மனைவி எரிதலையும் அரசு தடுத்தலாகாதோ என்று வினவினர். பின்னைய உதாரணம் நம் நாட்டை நோக்கியது. அவ்வழக்கம் கொடிது, அது தடுக்கப்பட்டமை நன்று. ஆயின், கொலையைத் தடுத்தற்குக் கூறிய நியாயத்தை எல்லா வழிபாட்டின் மேலும் நீட்டினமைதான் பிழை.

அந்நீட்சி யார் தலையில் விழுந்தது? அந்நாட்டின் பழங்குடிகள் தலையில். 1869 முதலாகப் பிரசிடெண்டு கிராண்டின் ஆட்சியில் பழங்குடியினர் வாழும் இடங்கள் கிறித்தவ சபைகட்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. அரசின் பணத்தைப் பெற்று அச்சபைகள் பள்ளிகள் நடத்தின. மதில் எங்கே போயிற்று? 1883-ல் உள்நாட்டு மந்திரியாகிய ஹென்றி டெல்லர் என்பார், கதிரவனை நோக்கி அவர் ஆடும் வழிபாட்டுக் கூத்தையும், அவர்தம் மருத்துவப் பூசாரிகளின் செயல்களையும் குற்றமாக்கி விதிகள் வகுத்தார். ஆடியவர்க்கு உணவுப் பங்கு நிறுத்தப்படும்; மீட்டும் ஆடினாற் சிறை. 1934-ஆம் ஆண்டே அத்தடை நீங்கியது. மூன்று பென்னி வரியை எதிர்த்து எழுந்த நாடு, ஒரு மக்களின் வழிபாடு முழுமையையும் ஐம்பது ஆண்டு தடுத்து வைத்ததைக் கண்டுகொள்ளாதிருந்தது.

தடை நீங்கியபின்னும் குறை நீங்கிற்றில்லை. காலிபோர்னியாவின் வடபாலுள்ள காட்டுமலைப் பகுதியொன்று யூரோக், காரூக், டோலோவா என்னும் மக்கட்குத் திருத்தலம். அவர்தம் வழிபாட்டிற்குத் தனிமையும் மோனமும் இன்றியமையாதன. அதனூடே மரம் ஏற்றிச் செல்லுஞ் சாலை இட அரசு முற்பட்டது. 1988-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஐவர் ஒருபாலும் மூவர் ஒருபாலுமாகப் பிரிந்து, சாலையிடுதல் எவரையும் தம் நம்பிக்கைக்கு மாறாக நடக்க வற்புறுத்துவதன்று, நிலம் அரசினுடையது, ஆகலின் தடையில்லை என்றது. வழிபாடு அழிந்துபோதல் கூடும் என்பதை ஒத்துக்கொண்டே இங்ஙனம் தீர்த்தது. பின்னர்க் காங்கிரசுச் சபை அவ்விடத்தைக் காப்பிடமாக்கினமையாற் சாலை இடப்படவில்லை. மக்கள் தப்பியது சபையின் தயவால், உரிமையாலன்று. சகித்தல் என்னுஞ் சொல்லை நீக்கிய மாடிஸனாரது நாட்டிலே பழங்குடிகள் சகிப்பையே நம்பி நிற்கும்படியாயிற்று. நம்மவரிடம் கைலையின் மேல் சாலை இட்டு, சிவபெருமானை நம்புதற்குத் தடையில்லையே என்று ஒருவன் கூறின், நாம் யாது கூறுவோம்?

அந்நாட்டு நீதிமன்றம் எப்பொழுதும் வழுவிற்று எனக் கூறுதல் நடுவாகாது. யெகோவாவின் சாட்சிகள் என்னுஞ் சிறுசபையாரின் பிள்ளைகள் கொடி வணக்கத்தைத் தம் சமயத்திற்கு மாறென்று மறுத்தபோது, 1940-ல் அவர்க்கு எதிராகத் தீர்த்த அம்மன்றமே, 1943-ல், உலகப்போரின் நடுவே, தன் தீர்ப்பைத் தானே மாற்றி அப்பிள்ளைகளைக் காத்தது. 1947-ஆம் ஆண்டின் எவர்ஸன் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய ரட்லெட்ஜ் என்னும் நீதிபதி, மாடிஸனார் விண்ணப்பம் முழுவதையும் தம் தீர்ப்பின் பின்னே சேர்த்து வெளியிட்டார். நூல் இன்றும் உயிரோடிருக்கின்றது. உயிருள்ள நூலையே குறைகூறித் திருத்துதல் பயனுடைத்து.

இனி, நம் நாடு. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு, சமயத்தை நம்புதலோடு, கைக்கொண்டு ஒழுகும் உரிமையையும் வெளிப்படக் கூறுகின்றது. ஒரு சமயத்தை வளர்த்தற்கென ஒதுக்கிய வரியைக் கொடுக்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாதென 27-ஆம் உறுப்பு கூறுகின்றது; மாடிஸனாரது மூன்று பென்னியின் எதிரொலியை அங்கே கேட்கலாம். சென்னை இராச்சியத்தின் அறநிலையச் சட்டத்தைக் குறித்து எழுந்த சிரூர் மடத்து வழக்கில், 1954-ல், நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, சமயம் வெறும் நம்பிக்கையன்று, சடங்கும் வழிபாட்டு முறையும் அதன் உறுப்புக்களே என்று தீர்த்தது. ஒரு சமயத்திற்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கொள்கையைக்கொண்டே முதற்கண் அறிதல் வேண்டும் என்றும் உரைத்தது. விண்ணப்பத்தின் மூன்றாங்குறை ஈண்டு ஒருவாறு நிறைவுற்றது. ஆயினும், இன்றியமையாதது எது என்பதை முடிவில் அறுதியிடுவார் நீதிபதிகளே ஆகலின், அரசன் சமய உண்மைக்கு நடுவனல்லன் என்னும் மாடிஸனாரது மூன்றாம் வாதம் வேறு வடிவில் மீண்டும் எழுகின்றது.

ஈண்டுத் தடை எழுப்புவார் சிலர் உளர். செயலுக்கும் உரிமை தந்தால், கொலையும் கொடுமையும் சமயத்தின் பெயரால் ஒளிந்துகொள்ளாவோ எனின், ஒளியா. பிற உயிர்க்குத் தீங்கு இழைத்தலே எல்லை. அத்தீங்கைக் காட்டும் கடன் தடுக்க வருவோனுடையது. தொழுவோன் தன் தொழுகைக்குக் காரணங் காட்டி இரந்து நிற்றல் வேண்டுவதில்லை. மனிதனை மனிதன் தாழ்த்திக் கோயிலின் புறத்தே நிறுத்திய வழக்கமும் தீங்கே ஆகலின், அதனை அரசு நீக்கியமை உரிமைக்கு மாறன்று.

நம் சோழ மன்னர் கற்றளிகள் எடுப்பித்தும் நிவந்தங்கள் அளித்தும் சைவத்தை வளர்க்கவில்லையோ எனின், வளர்த்தனர், மறுப்பாரில்லை. ஆயின், தஞ்சையிற் பெரியகோயில் எடுப்பித்த முதலாம் இராசராசனே, நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய அரசன் எடுத்த புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையும் அளித்தான் என்பதைச் செப்பேடு கூறும். தன் பத்தியை மறையாது, பிறர் வழிபாட்டையும் அழியாது நின்றமையே அவன் பெருமை. ஆயினும் கொடை அரசன் உள்ளத்தைப் பற்றி நிற்பது. அடுத்த அரசன் உள்ளம் மாறின் யாது செய்வது? உரிமை வேண்டுவது அதன் பொருட்டே.

இதற்குச் சான்று நம் பெரியபுராணத்திலேயே உளது. திருநாவுக்கரசு சுவாமிகள் சைவத்திற்கு மீண்டபொழுது, பல்லவன் அவரை அழைத்துவர ஆணையிட்டான். அரசனுக்கு ஆட்பட்டவரல்லர் என்று சுவாமிகள் மறுத்தனர். நீற்றறையும், நஞ்சும், யானையும், கல்லொடு கடலும் அதற்கு விடையாயின. சமயவுரிமைக்காக அரசனை எதிர்த்து நின்ற வரலாறுகளுள் இதனின் மேம்பட்டது யாம் அறிந்தவரை இல்லை. இதனைப் படிக்குந்தோறும் கண்ணீர் பெருகாத சைவர் இரார்.

ஆனால் அப்புராணம் அங்கே முடியவில்லை. அப்பல்லவனே பின்னர்ச் சைவனாகிப் பாடலிபுத்திரத்திலிருந்த அமணர் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழார் பெருமானே உரைக்கின்றார். நாம் இதனைக் கடந்து செல்லுகின்றோம். கடந்து செல்லுதல் தகுமா? நம்மை நீற்றறையிலிட்ட கையே பின்னர் நமக்காகப் பிறர் பள்ளியை இடித்தது. கை மாறவில்லை; அது சுட்டிய திசையே மாறியது. முதலிற் செய்தது கொடுமையாயின், பின்னர்ச் செய்தது யாது? சுவாமிகள் கடலைக் கடந்தது அரசன் துணையாலன்று, திருவைந்தெழுத்தின் துணையால். அத்துணை உடையார்க்கு இடித்த கல்லால் எடுத்த கோயில் வேண்டுவதில்லை. பிற சமயங்களையும் படிகளாக வைத்துப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுத்த சித்தாந்தத்திற்குக் கீழ்ப்படியில் நிற்போனை உதைத்துத் தள்ளுதல் அடுக்குமா? படியை இடித்தால் ஏறுவது எவ்வாறு?

தொகுத்துரைப்போம். மாடிஸனார் விண்ணப்பம் கூறும் அடிப்படை மெய்யானது: இறைவனுக்கு ஆட்படுதல் அரசனுக்குக் குடியாதலின் முற்பட்டது, ஆகலின் அரசு அதன்கண் நடுவனாதலுங் கூடாது, புரவலனாய் நின்று கருவியாக்குதலுங் கூடாது. அவ்வடிப்படையினின்றும் பெறத்தக்க இரண்டினை அவர் பெறாது விடுத்தார். வழிபாட்டுரிமை நினைவோடு நில்லாது செயலையும் இடத்தையும் தழுவுதல் வேண்டும் என்பது ஒன்று. தன் சமயத்தானது உரிமையிலன்று, எண்ணிக்கையிற் சிறியாரும் எளியாரும் ஆகிய பிறரது உரிமையிலேயே அதன் உண்மை சோதிக்கப்படும் என்பது மற்றொன்று. அடிமையின் கூட்டமும், பழங்குடியின் மலையும், அமணர் பள்ளியுமே அளவுகோல். எவ்வரசு நம் பக்கம் சாய்ந்து நிற்கின்றதோ அவ்வரசிடத்தே நாம் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். நாவுக்கரசர் அடிப்பொடியாவார்க்கு அதுவே அழகு.

திருச்சிற்றம்பலம்